ஆடி கழியட்டும்

ஆரியசாலை, திருவனந்தபுரம்
9 பிப்ரவரி 2025

சிரஞ்சீவி சேஷனுக்கு அக்கா சரோஜம் மனமார ஆசீர்வதித்து எழுதுவது.

இங்கே நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் படி ஏறும்போது தான் இருப்பதை ஞாபகப்படுத்துகிறது. நாக்பூரில் குளிர் குறைந்ததா? விசாலத்தின் இருமல் நின்றதா? உன் சர்க்கரை எவ்வளவு என்று போனில் கேட்டால் பொய் சொல்வாய். எழுதிக் கேட்டால் பாதியாவது உண்மை வரும்.

சித்தப்பாவோடு வாய்ப்பேச்சில் மனஸ்தாபம் வந்த பிறகு, சொத்து விஷயத்தை இனி யாரும் வாயால் பேசக்கூடாது, எழுதித்தான் கேட்க வேண்டும் என்று அப்பா வைத்த வழக்கம் எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் சென்ற ஞாயிற்றுக்கிழமை உன்னோடு போனில் மாவடு பற்றியே பேசிவிட்டு, இதை இப்போது எழுதுகிறேன்.

நம் சந்துக்கு அடியில் போகிற பழைய ஓடையை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்களாம். மகாராஜா காலத்துச் செங்கல் வளைவு, மேலே ஸ்லாப், அதற்கு மேலே ரோடு. நகரசபையிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. செலவில் ஒரு பங்கு நகரசபை போடும், மீதியை சந்தில் வீடு உள்ளவர்கள் கொடுக்க வேண்டும். ஓடையை ஒட்டி யாருக்கு எவ்வளவு நீளமோ அந்த அளவுக்குக் கட்டணம். நம்முடையது மூலை வீடு. முகப்பும் ஓடை மேல், பக்கச் சுவரும் ஓடை மேல், பின்கட்டு அறைகளும் ஓடை மேல். அப்பா பெருமையாகச் சொல்லிக்கொண்ட நீளம் இப்போது தலையில் வந்து விடிந்திருக்கிறது. தொகையைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பணத்தில் கூரையை முழுசாக மாற்றிவிடலாம்.

பின்கட்டில் குடியிருக்கும் கௌசல்யாவுக்கு மட்டும் சந்தோஷம். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், புருஷன் லிங்கம் சாலை பஜாரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா போடுகிறான். எனக்குக் காலையில் கூடமாட வேலை செய்துவிட்டுப் போகிறாள். நாற்றம் போய்விடும் என்று அவளுக்கு நினைப்பு. உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

என்ன செய்யலாம் என்று எழுது.

சரோஜம்


நாக்பூர்
21 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு சேஷன் நமஸ்காரம்.

எல்லோரும் நலம். இருமல் நின்றது. சர்க்கரை கேட்காதே.

உன் கடிதத்தோடு நீ வைத்திருந்த நோட்டீஸ் நகலைப் படித்தேன். பிறகு நகரசபையின் புது விதிகளை இணையத்தில் தேடி எடுத்து, இரண்டு நாள் அதிலேயே குடியிருந்தேன். ஆட்சேபம் எழுதித்தானே முப்பது வருஷம் தணிக்கை ஆபீசில் சம்பளம் வாங்கினேன். அந்த விதிகளில் ஓர் இடத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது. ஓடையை ஒட்டிய நீளத்தில் பாதிக்கு மேல் கையில் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், கட்டணமும் கிடையாது, அந்த வேலையும் கிடையாது. நகரசபை மீற முடியாது.

நியாயமும் நம் பக்கம்தான். அந்த ஓடையில் ஓடுகிற தண்ணீர் நம் வீட்டுத் தண்ணீரா? பஜார் முழுக்கக் கழுவிவிட்டு வருகிறது. ஊருக்குப் பொதுவான ஓடைக்கு நம் வாசலில் வந்து ஏன் கை நீட்ட வேண்டும்?

ஆட்சேப மனுவை டைப் செய்து வைத்திருக்கிறேன். வீடு நம் இருவர் பெயரிலும் இருப்பதால் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வளர்பிறை தசமியன்று உன் கையெழுத்தையும் போட்டுவிட்டு, சந்தில் இருப்பவர்களிடம் வாங்கு. சென்னை, மும்பை, துபாய் என்று போனவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். அவர்கள் குடும்பம் இல்லையே, போனிலேயே பேசலாம்.

நம் நீளம் இல்லாமல் பாதி தாண்டாது. அப்பாவின் மூலை வீடு வீண் போகவில்லை, பார்த்தாயா.

உன் தம்பி
சேஷன்


ஆரியசாலை
16 மார்ச் 2025

சேஷனுக்கு அக்காவின் ஆசீர்வாதம். உடம்பு தேவலை. வெயில்தான் ஆளை உருக்குகிறது.

குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். இந்த வயதில் எலெக்ஷனுக்கு நின்ற மாதிரி இருந்தது. மொத்த மளிகை சிவதாணு அரிசி மூட்டை மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "ஓடையில நம்ம சரக்கு போகல மாமி, நம்ம பணம் மாத்திரம் எதுக்குப் போகணும்?" என்றார். யாரும் மறுக்கவில்லை. எனக்கும் உள்ளூர சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைப்பானேன்.

வார்டு ஆபீசில் விசாரணை நடந்தது. சொந்தக்காரர்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அங்கே வரிசையில் கௌசல்யா நின்றாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்திருக்கிறாள். ஓடையைக் கட்ட வேண்டும் என்று சொல்ல வந்தாளாம். வீட்டு வரி ரசீது கேட்டார்கள். வாடகைக்கு இருப்பதாகச் சொன்னாள். அப்படியென்றால் சொல்ல முடியாது, அதுதான் விதி என்று அங்கிருந்த குமாஸ்தா தன்மையாகவே சொல்லி அனுப்பிவிட்டார். என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வரும்போது என் குடையை அவள்தான் பிடித்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில், "நான் ஓடையைப் பத்திச் சொல்லப் போனேம்மா. அவங்க வீட்டைப் பத்தியே கேக்காங்க" என்றாள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். மஹேஷ் என்று நகரசபை ஓவர்சியர், மலையாளப் பையன், சின்ன வயது, நல்ல பிள்ளை. விசாரணைக்கு முந்தின நாள் வந்து, கௌசல்யாவின் சமையலறைக்கு வெளியே ஒரு ஸ்லாபைத் தூக்கி உள்ளே வெளிச்சம் காட்டினான். செங்கல் வளைவில் பாதி இல்லை. "அம்மே, அடியில மண்ணே இல்ல கேட்டோ. மேல ரோடு மாத்ரம்தான் நிக்கிறது" என்றான். நான் எட்டிப் பார்த்தேன். இருட்டாக இருந்தது, தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகுதான் நான் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கௌசல்யா உனக்கு நாரத்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். எப்படி அனுப்புவது?

சரோஜம்


நாக்பூர்
29 மார்ச் 2025

அக்காவுக்கு நமஸ்காரம். நாங்கள் க்ஷேமம்.

நகரசபையின் கடிதம் எனக்கும் வந்தது. போதிய ஆட்சேபம் வந்ததால் வேலையும் கட்டணமும் கைவிடப்பட்டன. ஜெயித்துவிட்டோம். விசாலத்திடம் சொல்லி அன்று பாயசம் வைக்கச் சொன்னேன். சர்க்கரை போடாத பாயசம்தான், கவலைப்படாதே. துபாயிலிருந்து ஒருவர் என்னைப் பாராட்டிப் பேசினார்.

ஓவர்சியர் பயமுறுத்துவது அவன் உத்தியோகம். எங்கள் ஆபீசிலும் இப்படித்தான், வேலை வேண்டுமென்றால் முதலில் பயம் காட்டுவார்கள். நூறு வருஷமாக நின்ற ஓடை நம் காலத்துக்கும் நிற்கும்.

வெயிலில் அலையாதே.

சேஷன்


ஆரியசாலை
8 ஜூன் 2025

சிரஞ்சீவி சேஷனுக்கு ஆசீர்வாதம். உன் பேத்தி ஜானவிக்குப் பள்ளிக்கூடம் திறந்தாயிற்றா? நான் இருக்கிறேன்.

மழை பிடித்துக்கொண்டது. இந்த வருஷம் முன்னாலேயே வந்து, நிற்கிற உத்தேசம் இல்லாமல் பெய்கிறது. சந்தின் நடுவில் ரோடு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை, மழைத் தண்ணீர் தேங்குவதால் தெரிகிறது. சிவதாணு இப்போதெல்லாம் லாரியை உள்ளே கொண்டுவருவதில்லை. சந்து முனையிலேயே நிறுத்தி ஆள் வைத்து மூட்டை சுமக்கிறார். ஏன் என்று கேட்டேன். "சும்மாதான் மாமி" என்றார்.

நேற்று கௌசல்யாவின் அறைக்குப் போனேன். தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். மாவு கல்லில் ஒரே பக்கமாக ஓடுகிறது. அடுப்புக்கு அடியில் அட்டையை மடித்து வைத்திருக்கிறாள், அப்படியும் ஓடுகிறது. சமையலறைக் கதவுத் தாழ்ப்பாள் முன்பு விழுந்த துளையில் இப்போது விழுவதில்லை. மழை இல்லாத நேரத்திலும் தரைக்கு அடியில் தண்ணீர் ஓடுவது கேட்கிறது. "தூக்கத்துல ஆறு ஓடுத மாதிரி கேக்கும்மா. ஊர்ல தண்ணி இல்லாமத்தான் இங்க வந்தோம்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதை உனக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று எழுதினேன். பதில் போடு.

சரோஜம்


ஆரியசாலை
29 ஜூன் 2025

சேஷனுக்கு அக்கா எழுதுவது. சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முந்தின கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை போனில் நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விசாலத்தின் தங்கை பெண்ணின் கல்யாணம் பற்றியே பேசி முடித்தோம்.

மஹேஷ் மறுபடி வந்தான். நான்தான் கூப்பிட்டேன். சமையலறைத் தரையைத் தட்டிப் பார்த்தான், உடனே வெளியே வந்துவிட்டான். இப்போதே முட்டுக் கொடுத்துக் கட்ட ஆரம்பித்தால் காப்பாற்றலாம் என்கிறான். ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். "விழுந்தா அது அவசர வேலை, யாரோடும் கேக்க வேண்டா. விழாத வரைக்கும் அது மேம்பாடு. மேம்பாட்டுக்கு நீங்க வேண்டாம்னு எழுதியாச்சே அம்மே" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. விதி அப்படித்தான் இருக்கிறதாம்.

ஆட்சேபத்தை வாபஸ் வாங்கலாம். நாம் வாங்கினால் போதும், பாதிக்குக் கீழே போய்விடும், அவன் மறுநாளே ஆளை இறக்குவான். இருவர் பெயரில் உள்ள சொத்து என்பதால் இரண்டு கையெழுத்தும் வேண்டும். தாளை இதோடு வைத்திருக்கிறேன். நான் போட்டுவிட்டேன். கட்டணத்தில் உன் பங்கையும் என் வளையலை விற்றாவது நான் கொடுக்கிறேன். நீ கையெழுத்து மட்டும் போட்டு, கிடைத்த அன்றே ஸ்பீட் போஸ்டில் அனுப்பு.

எனக்குப் பயமாக இருக்கிறது சேஷா. அவ்வளவுதான் விஷயம்.

சரோஜம்


நாக்பூர்
18 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு சேஷன் நமஸ்காரம்.

பெண் வீட்டுக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு நேற்றுத்தான் திரும்பினோம். உன் கடிதம் கதவுக்கு அடியில் கிடந்தது. பயமாக இருக்கிறது என்று நீ எழுதியதைப் படித்து எனக்கு மனசு கேட்கவில்லை. நீ இவ்வளவு பயப்படுகிறாய் என்றால் வாபஸ் வாங்கிவிடுவோம். வளையலை விற்க வேண்டாம், என் பங்கை நானே கொடுக்கிறேன். எனக்கு மனசில்லைதான், இருந்தாலும் உனக்காக.

ஆனால் ஆடி நேற்றே பிறந்துவிட்டது. ஆடியில் சொத்துக் காகிதத்தில் நம் குடும்பத்தில் யாரும் கையெழுத்துப் போட்டதில்லை. பாங்கிலிருந்து ஆள் வந்து உட்கார்ந்திருந்தபோதும் அப்பா பேனாவைத் தொடவில்லை, உனக்கே ஞாபகம் இருக்கும். அதுவும் வேண்டாம் என்றதை வேண்டும் என்று மாற்றுகிற காகிதம். ஆடி கழியட்டும். ஆவணி ஒன்றாம் தேதி காலையில் குளித்துவிட்டுப் போட்டு அனுப்புகிறேன்.

அதுவரை பின்கட்டுக்காரர்களை வேண்டுமானால் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்.

சேஷன்


ஆரியசாலை
26 ஜூலை 2025

சேஷனுக்கு ஆசீர்வாதம். காலில் சேற்றுப்புண். மற்றபடி சுகம்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சரிதான், ஆடியாயிற்றே என்றுதான் முதலில் தோன்றியது. நான் ஆனியில் போட்ட கையெழுத்து, நீ ஆடியில் போட்டால் விளங்குமா என்று எனக்கே ஓர் எண்ணம். நீ நாக்பூரில் இருந்துகொண்டு சொல்கிறாய் என்றாவது வைத்துக்கொள்ளலாம். அந்தத் தரையின் மேல் நின்று பார்த்தவள் நான். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இதை நினைத்தால்தான் பயம் அதிகமாகிறது.

கௌசல்யாவிடம் ஆவணி பிறந்ததும் வேலை ஆரம்பிக்கும் என்று சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவர்களுக்கும் ஆடி உண்டே. "ஆவணிக்கு இன்னும் எத்தனை நாள்மா?" என்று மட்டும் கேட்டாள். லிங்கம் காலண்டரைப் பார்த்துச் சொன்னான்.

அதுவரை நம் கூடத்தில் வந்து படுத்துக்கொள்ளச் சொன்னேன். சொல்லும்போதே, சமையலை மட்டும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், இங்கே பூஜை அறை பக்கத்தில் இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னேன். அரை மனசாகத்தான் கூப்பிட்டேன். அவளுக்கு அது புரிந்தது. "இருக்கட்டும்மா, உங்களுக்கு எதுக்குச் சங்கடம்" என்றாள். வேறு அறை பார்த்தார்கள். இந்த வாடகைக்குப் பக்கத்தில் எங்கேயும் கிடைக்கவில்லை. லிங்கம் ஹோட்டலிலிருந்து பலகை கொண்டுவந்து அடுப்படியில் போட்டிருக்கிறான்.

சமையலறைக் கதவு இப்போது சாத்த வருவதே இல்லை.

சரோஜம்


நாக்பூர்
9 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு நமஸ்காரம்.

உன் போன் அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. சிவதாணுவைக் கூப்பிட்டேன். நீ பத்திரமாக இருக்கிறாய் என்று அவர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. சந்தில் ரோடு உள்ளே போய்விட்டது, நம் பின்கட்டில் ஒரு பகுதியும் போய்விட்டது, பெரிய மெஷின் எல்லாம் வந்து நிற்கிறது என்றார். யாருக்கோ அடி என்பது மாதிரி காதில் விழுந்தது. மெஷின் சத்தத்தில் அதற்கு மேல் பேச முடியவில்லை. கௌசல்யாவுக்கா? ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்ன வேண்டும் என்று எழுது, அனுப்புகிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், உனக்கு ஆறுதலாக இருக்கும். விதியை மறுபடி எடுத்துப் படித்தேன். இப்போது இது அவசர வேலை. முழுச் செலவும் நகரசபையுடையது. சொந்தக்காரர்களிடம் ஒரு பைசா கேட்க முடியாது. ஓடையும் புதிதாகிவிடும், கட்டணமும் இல்லை. ஆவணியில் நான் போடவிருந்த கையெழுத்து இனி தேவையில்லை. பின்கட்டுக்கு நஷ்டஈடு உண்டா என்றும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போனை எடு.

சேஷன்


ஆரியசாலை
19 ஆகஸ்ட் 2025

சேஷனுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். எனக்கு ஒரு கீறல் கூட இல்லை. நீ கூப்பிட்டபோதெல்லாம் போன் என் மடியில்தான் இருந்தது. எடுக்கவில்லை. இதை எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். எழுத இத்தனை நாளாயிற்று.

கௌசல்யா செத்துப்போனாள்.

புதன்கிழமை காலை. மழை விட்டிருந்தது. எனக்குத் தேங்காய் துருவி வைத்துவிட்டு, லிங்கத்துக்குச் சோறு வடிக்க வேண்டும் என்று பின்கட்டுக்குப் போனாள். பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. என்ன கௌசல்யா என்று இங்கிருந்தே கூப்பிட்டேன். பிறகு சுவர் விழுந்தது. நான் போய்ப் பார்த்தபோது வாசல்படி இருந்தது, சமையலறை இல்லை. கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. லிங்கம் அதில் இறங்கப் போனான், சிவதாணுவின் ஆட்கள் மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். ஓடை கால்வாயில் போய்ச் சேரும் இடத்தில் மறுநாள் எடுத்தார்கள்.

சங்கரன்கோவிலுக்குக் கொண்டுபோய்க் காரியம் செய்துவிட்டு லிங்கம் நேற்றுத் திரும்பினான். போக இடமில்லை. கூடத்தில் படுக்கச் சொன்னேன். இந்தத் தடவை முழு மனசோடு சொன்னேன்.

எனக்கு உன் மேல் கோபம் இருக்கிறது. என் மேல் அதைவிட இருக்கிறது. நீ எழுதிய விதி சரிதான். ஒரு பைசா ஆகவில்லை.

சரோஜம்


நாக்பூர்
30 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு சேஷன் நமஸ்காரம்.

உன் கடிதம் வந்த அன்று நானும் விசாலமும் சாப்பிடவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். போன வருஷம் எனக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாளே, அவள்தானே? முகம் சரியாக வரவில்லை. அதுதான் எனக்கு வேதனையாக இருக்கிறது.

விசாரணை வைத்திருக்கிறார்கள் என்று சிவதாணு சொன்னார். உன்னையும் கூப்பிடுவார்கள். மனசைத் திடப்படுத்திக்கொண்டு இதைப் படி. ஆட்சேபம் தெரிவித்தது சட்டப்படி நம் உரிமை. அதில் தப்பு காண முடியாது. ஆனால் ஆபத்து என்று ஜூனிலேயே நமக்குத் தெரியும், வாபஸ் தாள் ஆடிக்காக நின்றது என்பதெல்லாம் வெளியே வந்தால் நிலைமை வேறு. அதை அவர்களாகக் கேட்கப்போவதில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது. லிங்கத்துக்கு நான் ஒரு தொகை அனுப்புகிறேன், நீ கொடுப்பது போல் கொடுத்துவிடு.

நான் நேரில் வந்திருக்க வேண்டும். டாக்டர் இப்போது பிரயாணம் கூடாது என்கிறார். சர்க்கரை ஏறிக் கிடக்கிறது. நீ எப்போதும் கேட்பாயே, இந்தத் தடவை உண்மையைச் சொல்கிறேன்.

என்னைக் கைவிடாதே அக்கா.

சேஷன்


ஆரியசாலை
21 செப்டம்பர் 2025

சேஷனுக்கு அக்கா எழுதுவது.

மருந்தை வேளைக்குச் சாப்பிடு. விசாலத்தைத் தைரியமாக இருக்கச் சொல். உன்னைக் கைவிடவில்லை. கைவிட்டிருந்தால் இந்தக் கடிதம் எழுதமாட்டேன்.

விசாரணைக்குப் போனேன். நீ சொன்னபடியே அவர்கள் எதுவும் கேட்கவில்லை. பெயர், விலாசம், விபத்து எத்தனை மணிக்கு என்பதோடு முடித்துவிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. இன்னும் இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். மஹேஷ் ஸ்லாபைத் தூக்கிக் காட்டியது, நான் பார்த்துவிட்டும் ஆட்சேபத்தைக் கொடுத்தது, உனக்கு வாபஸ் தாள் அனுப்பியது, ஆடி கழியட்டும் என்று நீ எழுதியது, நான் சரி என்றது, எல்லாம் சொன்னேன். என்ன வரும் என்று தெரியாது. வருவது இரண்டு பேருக்கும் வரட்டும். நீ அனுப்பிய பணத்தை நீ அனுப்பியது என்று சொல்லியே லிங்கத்திடம் நீட்டினேன். அவன் கையை நீட்டவில்லை. பூஜை அறை அலமாரியில் இருக்கிறது.

லிங்கத்திடம் முன்னாலேயே சொல்லிவிட்டேன். ஆபீசில் மற்றவர்கள் வாயால் அவன் கேட்கக்கூடாது. பரோட்டா மாவு நகத்தில் காய்ந்திருந்தது, அதைச் சுரண்டிக்கொண்டே கேட்டான். "நானும்தான் காலண்டரைப் பாத்துச் சொன்னேம்மா" என்றான். வேலைக்குப் போகிறான், வருகிறான், கூடத்தில் சுவர் பக்கம் திரும்பிப் படுக்கிறான். சில நாள் அவனைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஓடை வேலை வேகமாக நடக்கிறது. நல்ல கான்கிரீட். சிவதாணுவின் லாரி உள்ளே வர ஆரம்பித்துவிட்டது.

இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். நேற்று மாலை கௌசிக் என்று ஒரு பையன் வந்தான். அடுத்த சந்தில் அவன் அப்பாவுக்கு வீடு, இவனுக்கு ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம். மரியாதை தெரிந்தவன். கதவைத் திறந்தது லிங்கம். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததும் லிங்கம். குடித்துவிட்டு அந்தப் பையன், "ஆன்ட்டி, உங்க லேன்ல ஒரு பைசா குடுக்காம ஓட கட்டிக் கிடைச்சுதாமே. எங்களுக்கும் இப்போ நோட்டீஸ் வந்திருக்கு. நீங்க குடுத்த அப்ஜெக்ஷன் காப்பி ஒண்ணு கிடைக்குமா?" என்றான்.

லிங்கம் உள்ளே போகவில்லை. டம்ளரை வாங்கக் கையை நீட்டியவன் அப்படியே நின்றான்.

நான் அந்தப் பையனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கட்டிக் கிடைத்தது எப்படி என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். இவன்தான் அவள் புருஷன் என்றும் சொன்னேன். கௌசிக் எழுந்து லிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். நிஜமாகவே கண் கலங்கினான், நான் பார்த்தேன்.

"உங்க வீட்டுப் பின்கட்டுல யார் இருக்கா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேமிலி வாடகைக்கு இருக்காங்க. பேரு அப்பாவுக்குத் தெரியும்."

வாசல் வரை போனான். செருப்பை மாட்டிக்கொண்டு சற்று நின்றான். பிறகு தயங்கித் தயங்கி, "எங்க ஓட இவ்வளவு மோசம் இல்ல ஆன்ட்டி. அந்தக் காப்பி மாத்ரம்..." என்றான்.

காப்பி என்னிடம் இல்லை, எழுதியது என் தம்பி என்று சொல்லி உன் விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன். லிங்கம்தான் பேனா எடுத்துக் கொடுத்தான். இந்த வாரம் உனக்கு அவன் கடிதம் வரும். நல்ல தமிழில், மரியாதையாகத்தான் கேட்டிருப்பான். அவர்கள் கையெழுத்துப் போட இன்னும் பத்து நாள் இருக்கிறதாம்.

பதில் போடு. எனக்கு அல்ல, அவனுக்கு.

சரோஜம்